செட்டிநாட்டில் சபை ஆரம்பிக்கப் போகிறீர்களா? எத்தனை சென்ட் இடம் என்று முதலில் கேட்காதீர்கள்

எங்கள் பக்கம் யாராவது "புதுசா ஒரு சபை ஆரம்பிக்கிறோம் பிரதர்" என்று சொன்னால் அடுத்த நொடி வரும் கேள்வி, "எத்தனை சென்ட் இடம்?" நானும் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் இரண்டு கிளைச் சபைகள் ஆரம்பித்ததைக் கமிட்டியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

பூட்டிய வீடு எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கானாடுகாத்தானில் ஒரு தெரு நடந்தால் போதும். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும், உள்ளே காவலுக்கு ஒரு பெரியவர், அவருக்குத் துணையாக ஒரு ரேடியோ. பங்காளிகள் வருவது கல்யாணத்துக்கும் முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கும்தான். எங்கள் சபையும் அதே கதைதான். இருநூறு பேர் உட்காரும் கோயில், கோபுரம், மணி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் கொடுத்த பணம், வாசலில் அவர்கள் அப்பா பெயரில் கருங்கல்லில் கல்வெட்டு. ஆராதனைக்கு வந்தது ஆறு குடும்பம். அந்த ஆறு குடும்பமும் கொடுத்த காணிக்கை கரண்ட் பில்லுக்கும் சுண்ணாம்புக்குமே சரியாகப் போனது, ஊழியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? மூன்றாவது வருடம் அவர் போனார், நான்காவது வருடம் பூட்டு வந்தது.

பழைய கதையைப் பார்த்தால் கட்டடத்துக்கு யாரும் இவ்வளவு அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. மிஷனரி கால்டுவெல் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்கு வந்தது 1841-இல், அங்கே இன்றைக்கு நிற்கும் கோயில் பிரதிஷ்டை ஆனது 1880-இல். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு பிஷப் ஆனார், இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்த ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான். அங்கே கதீட்ரல் பிரதிஷ்டை 1939-இல், அதாவது 27 வருடம் கழித்து. அதற்குள் அந்தத் தெலுங்குக் கிராமங்களில் சபைகள் நிறையப் பெருகிவிட்டன. முதலில் ஜனம், பிறகு ஓலைக் கொட்டகை, கல்லும் சுண்ணாம்பும் அதற்கப்புறம். நாம்தான் தலைகீழாகப் போகிறோம்.

சரி, பணம். சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கத்தின் செயலாளராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென் என்பவர் திரும்பத் திரும்பச் சொன்னது மூன்று விஷயம்: சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும். இதை இறையியல் கல்லூரியில் பாடமாகப் படித்துவிட்டு வந்து வெளிநாட்டுக்கு மெயில் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். 2020-இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு சங்கம் வாங்கிய பணத்தை இன்னொரு சங்கத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று வந்துவிட்டது. பெரிய சங்கம் வாங்கிச் சின்னச் சபைகளுக்குப் பிரித்துக் கொடுத்த வழி அன்றோடு அடைபட்டது. அந்த ஒரு குழாயை மட்டும் நம்பியிருந்த சபைகள் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் கையில் இருப்பதைப் பாருங்கள். எங்கள் இன்னொரு கிளைச் சபை, பூட்டாத சபை, ஒரு வாடகை ஹாலில்தான் இன்றைக்கும் நடக்கிறது. அங்கே ஒரு பாட்டி மாதக் கடைசி ஞாயிறன்று ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அரிசி கொண்டுவருவார். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து அதில் போடுவது, கைப்பிடி அரிசிக் காணிக்கை. எடை போட்டால் ஒன்றரைக் கிலோ வரும். அந்த அரிசியையும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் எண்ணூறு ரூபாய்க்குப் போனதையும் சேர்த்துத்தான் அந்த ஹாலுக்கு வாடகை கட்டுகிறார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் ஐந்து வருடமாக ஒரு மாத வாடகை பாக்கி கிடையாது.

இதில் நகரத்தாரிடம், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களிடம், படிக்க நிறைய இருக்கிறது. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் வைத்தார்கள், யார் பணம்? தொழிலில் வந்ததில் மகமை என்று ஒரு பங்கு எடுத்துவைத்தார்கள், அதிலிருந்துதான். கணக்கெடுப்பதிலும் அவர்கள் வழி தனி. கோயிலுக்கு வரும் கூட்டத்தை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணம் ஆனவன் ஒரு புள்ளி, புள்ளி என்றால் வரி உண்டு, பொறுப்பு உண்டு. நாங்களோ கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போட்ட நாற்காலியை எண்ணி மேலே அறிக்கை அனுப்பினோம். இந்த எண்ணிக்கை ஆசை நமக்கு மட்டும் வந்த நோய் கிடையாது. 2009-இல் வட அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கிய ஆங்கிலிக்கன் சபை ஐந்து வருடத்தில் ஆயிரம் சபை என்று அறிவித்தது, இங்கிலாந்துத் திருச்சபை 2030-க்குள் பத்தாயிரம் புது ஆராதனைக் குழுக்கள் என்கிறது. இலக்கு வைப்பதில் தப்பில்லை. எதை எண்ணுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

அடுத்தது சொன்னால் என் சொந்தக்காரர்களே கோபித்துக்கொள்வார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்தது. கூடவே கல்லூரிகள், பாங்குகள், ஆஸ்பத்திரிகள். வாத்தியாராக, நர்ஸாக, கிளார்க்காகத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள், எங்கள் அப்பாவும் அப்படி வந்தவர்தான். வந்தவர்கள் கூடி ஆராதித்ததில் சபை உண்டானது, நல்லதுதான். ஆனால் நாற்பது வருடம் கழித்தும் அது ஊர்க்காரர் சங்கமாகவே இருந்தால்? ஆராதனை முடிந்ததும் பேச்சு முழுக்க "எந்த ஊரு, யார் மகன்", அறிவிப்பில் சொந்த ஊரில் நடக்கும் அசன விருந்துக்கு வேன் ஏற்பாடு. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தால் அவருக்கு எந்தப் பெஞ்சில் உட்காருவது என்றே தெரியாது. "யார் மகன்" என்ற கேள்வியில் சாதியும் ஒளிந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டாம்.

அசரியாவும் திருநெல்வேலிக்காரர்தான், வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தபோது வைத்த விதி, நம் ஆட்கள், நம் பணம். வேலைக்குத் தேர்ந்தெடுத்த இடமோ தெலுங்கு பேசும் ஊர், போய்த் தெலுங்கு படித்தார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, எல்லாம் கொடுத்தீர்கள், நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் கேட்டது பிரசித்தம். அதே கேள்வியை இன்றைக்கு நம்மைப் பார்த்து யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் பயம். எங்கள் வாடகை ஹாலுக்கு எதிர்வீட்டு ஆச்சி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஞாயித்துக்கிழமை வந்து மைக்குல பாடிட்டுப் போயிடுறீங்க, மத்த நாள் ஒருத்தரையும் காணோமே" என்றார். மைக்கைப் பற்றிக் குறை சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போயிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலம் டியூஷன் ஆரம்பித்தோம், ஆச்சியின் பேரன்தான் முதல் மாணவன். யாரையும் மாற்றுவதற்காக அதை வைக்கவில்லை. அப்படி உள்நோக்கத்தோடு வைத்தால் ஜனத்துக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும், தெரியவும் வேண்டும்.

இன்னொரு விஷயம், வெளியூரிலிருந்து வரும் ஆயர்களுக்குப் பிடிபடுவதே இல்லை. இந்த வட்டாரம் பூர்வத்தில் ஆங்கிலிக்கன் பூமி கிடையாது. 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன் வேலை செய்த பக்கம் இது, அவர்கள் காங்கிரிகேஷனல் வழிக்காரர்கள், பிஷப் இல்லாமல் ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்துகிற வழி. 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எல்லாம் ஒரே குடைக்குள் வந்தது, ஆனால் பழக்கம் ஒரே நாளில் மாறுமா? ஒரே பெஞ்சில் ஒருவர் ஜெபப் புத்தகத்தை மூடிவைத்தே பதில் சொல்வார், பக்கத்தில் இருப்பவர் பாட்டும் பிரசங்கமும் போதாதா என்று கடிகாரத்தைப் பார்ப்பார். புதுச் சபையில் ஒரு பழக்கத்தை மட்டும் சரி என்று நிலைநாட்டினால் மற்றவர் சண்டை போட மாட்டார், சும்மா வராமல் இருந்துவிடுவார்.

லண்டன் மாதிரியை அப்படியே கொண்டுவருவதைப் பற்றி ஒரே வார்த்தை. ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் சபை 1985 முதல் தன் ஜனத்தில் ஒரு குழுவைப் பிரித்து, ஆளில்லாமல் கிடக்கும் பழைய கோயில்களுக்கு அனுப்புகிறது. நம் பையன்கள் அதில் டிரம்ஸையும் லைட்டையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே நடப்பது, இருக்கிற சபை தன் நல்ல ஆட்களை விட்டுக்கொடுப்பது. எங்கள் கமிட்டியோ பாடகர் குழுவில் ஒருவரைக்கூட விடவில்லை, ஆர்மோனியப் பெட்டியைத்தான் கொடுத்தது, அதிலும் இரண்டு கட்டை ஊமை.

ஆளைத் தயார் செய்வதும் அப்படித்தான். செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாள் ஆகி, மேலாள் ஆன பிறகுதான் கொண்டுவிக்க, அதாவது வெளிதேசத்து வியாபாரத்துக்கு, போய்க் கடையை நடத்துவான். நாம் பட்டம் வாங்கி ஆறு மாதம் ஆன தம்பியைத் தனியாக ஒரு கிராமத்தில் இறக்கிவிட்டு, வருடக் கடைசியில் கணக்குக் கேட்கிறோம்.

யார் கையில் அதிகாரம் என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். சி.எம்.எஸ். மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையிலிருந்து எத்தனை சபை உண்டாக்கினார்! ஆனாலும் குருப்பட்டம் யார் கொடுப்பது என்ற தகராறில் 1835-இல் சி.எம்.எஸ். அவரை விலக்கியது, சபைகள் இரண்டாகப் பிரிந்தன, 1838-இல் அவர் இறந்த பிறகுதான் அந்தப் புண் ஆறியது. அமெரிக்காவில் சபை பெருக்கவென்றே ருவாண்டா பேராயரின் கீழ் 2000-இல் ஓர் ஆங்கிலிக்கன் மிஷன் கிளம்பியது, வேகமாகவும் வளர்ந்தது. 2011 கடைசியில் யார் யாருக்குக் கணக்குச் சொல்வது என்று முட்டிக்கொண்டு தலைவர்கள் ருவாண்டாவை விட்டு விலகினார்கள், நடுவில் நின்ற சபைகள் எந்தப் பக்கம் போவது என்று முழித்தன. நம் ஊர்ச் சபைத் தேர்தல் வழக்குகளை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பிளான் அப்ரூவல் வீட்டுக்கு, நடப்பது ஆராதனை, இது வேண்டவே வேண்டாம். வழிபாட்டு இடம் கட்டக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். மனு போட்டு அலைவது கஷ்டம்தான், சீல் வைத்த கதவுக்கு முன்னால் பிள்ளைகளோடு நிற்பது அதைவிடக் கஷ்டம்.

கடைசியாக, யாரும் நினைத்தே பார்க்காத ஒன்று, கல்லறை. எங்கள் கிளைச் சபையில் முதல் சாவு விழுந்தது ஒரு மே மாதம். ஊர்ச் சுடுகாட்டில் இடம் கொடுப்பார்களா என்று கேட்கவே தைரியமில்லை, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய சபையின் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே கேட்டில் ஒருவர் சபைச் சந்தா ரசீது கேட்டார். பெட்டி வேனில், ஐஸ் உருகிச் சாலையில் சொட்டுகிறது, நான் ஆயருக்குப் போன் போடுகிறேன், அவர் அந்தச் சபைச் செயலாளருக்குப் போடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்டைத் திறந்தார்கள். அடக்கம் முடிந்து ஊர் திரும்பியபோது எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்று, "ஏன் தம்பி அவ்வளவு தூரம் கொண்டு போனீங்க, தலைவர்கிட்ட நான் சொல்லியிருப்பேனே" என்றார். இப்போது இருபது சென்ட் கேட்டுத் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறோம், பஞ்சாயத்துத் தலைவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த கடிதமும் அதோடு இருக்கிறது.