அரசு தொடக்கப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா?

பக்கத்தில் இரண்டு மூன்று அரசு தொடக்கப் பள்ளிகள் இருந்தால், முதலில் பள்ளிகளின் விவரங்களைத் தரும் மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் (UDISE+) இணையதளத்தில் பள்ளியின் 11 இலக்க எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரம் எல்லாம் கிடைக்கும். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3 ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. இரண்டே பேர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்களா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள்.

நேரில் போகாமல் முடிவெடுக்காதீர்கள். காலை உணவு நேரத்தில் போங்கள். கழிப்பறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். நான் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் டீச்சர் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் சரியான எழுத்தையும் எழுதிக் காட்டியிருந்தார். என் மகளை அங்கேதான் சேர்த்தேன்.