பிரேசில் கால்பந்துப் பயிற்சியாளரின் பணிப்பட்டியலை வாசிப்பது எப்படி?

பிரேசிலுக்கு 2002 உலகக்கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் லூயிஸ் ஃபெலிப்பே ஸ்கொலாரி. அவர் பயிற்சியளித்த அணிகளை வரிசையாக எழுதினால் இருபத்தைந்து வரிகளைத் தாண்டிவிடும். அவற்றில் பிரேசில் கிளப்புகளான கிரேமியோ நான்கு முறையும் பால்மெய்ராஸ் மூன்று முறையும் வரும். இடையிடையே சவூதி அரேபியா, குவைத், ஜப்பான், உஸ்பெகிஸ்தான், சீனா ஆகிய நாடுகளும் தலைகாட்டும். ஒரே கிளப்பில் ஆண்டுக்கணக்கில் வேரூன்றியிருந்த ஐரோப்பியப் பயிற்சியாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்துப் பழகியவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்ததும், இவர் எங்கும் கால் தரிக்காதவர் என்றோ, எவரும் வைத்துக்கொள்ள விரும்பாதவர் என்றோ எண்ணிவிடுகிறார்கள். பிரேசிலின் ஆட்ட நாட்காட்டியையும் அங்குள்ள கிளப்புகளின் வழக்கங்களையும் அறிந்தவர்களுக்கோ அதே பட்டியல் முற்றிலும் வேறொன்றைச் சொல்லும். ஸ்கொலாரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த வாசிப்பை எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன். டிட்டே, பரெய்ரா போன்ற பிற பிரேசில் பயிற்சியாளர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் ஒரு தாளில் அணி, ஆண்டு என்னும் இரண்டு பத்திகளோடு நிறுத்திவிடாமல், சேர்ந்த மாதம், விலகிய மாதம் என மேலும் இரண்டு பத்திகளை வரைந்துகொள்ள வேண்டும். பிரேசிலில் கால்பந்துப் பருவம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதால், ஒரே ஆண்டுக்குள் ஒரு பயிற்சியாளர் மூன்று வேறுபட்ட சோதனைகளைச் சந்திக்கிறார். ஆண்டின் தொடக்க மாதங்கள் மாநிலத் தொடர்களுக்கு உரியவை. 2003ஆம் ஆண்டு முதல் தேசிய லீக், அணிகள் அனைத்தும் தம்முள் இருமுறை மோதிப் புள்ளிகளால் சாம்பியனைத் தீர்மானிக்கும் முறையில் நடைபெற்று, பெரும்பாலான ஆண்டுகளில் டிசம்பரில் முடிகிறது. இப்போது அதில் 20 அணிகள் உள்ளன, ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள், கடைசி நான்கு அணிகளுக்கு இரண்டாம் பிரிவுக்குத் தரமிறக்கம். இவற்றுக்கு இணையாகவே நாட்டுக் கோப்பையான கோபா டோ பிரேசிலும் தென் அமெரிக்கக் கண்டக் கோப்பையான லிபர்ட்டடோரெஸும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஏப்ரலில் விலகியவர் மாநிலத் தொடரில் தோற்றிருக்கக்கூடும், செப்டம்பரில் விலகியவர் தரமிறக்க அச்சத்துக்குப் பலியாகியிருக்கக்கூடும். வெறும் ஆண்டை மட்டும் குறித்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

மாநிலப் பட்டங்களை எடைபோடும்போது பொறுமை தேவை. அவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் தவறு, தேசியப் பட்டத்துக்கு நிகராக எண்ணுவதும் தவறு. ரியோ கிராண்டே டோ சூல் மாநிலத்தில் கிரேமியோவும் இன்டர்நேசியோனலும்தான் பெரும்பாலான ஆண்டுகளில் பட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே 1987இல் ஸ்கொலாரி கிரேமியோவுக்கு வென்று தந்த மாநிலப் பட்டம் எதிர்பார்க்கப்பட்ட ஒன்றே. அதே மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு டிட்டே, காஷியாஸ் என்னும் சிறிய கிளப்பைக் கொண்டு, ரொனால்டினோ ஆடிய கிரேமியோவை வீழ்த்திப் பட்டம் வென்றது வேறு தரத்தைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே கிரேமியோ அவரை அழைத்துக்கொண்டு, அவரோடு கோபா டோ பிரேசிலை வென்றது என்பதிலிருந்து, உள்ளூரில் அந்தப் பட்டம் எப்படி மதிக்கப்பட்டது என்பது விளங்கும். பட்டத்தின் பெயரை விட, எந்தக் கிளப் எந்தக் கிளப்பைத் தோற்கடித்தது என்பதே இங்கு முக்கியம்.

ஆட்டக்கார வாழ்க்கையைப் பற்றிய வரியைப் பொதுவாகச் சுருக்கமாகக் கடந்துவிடலாம், ஆயினும் அதன் கடைசிக் கிளப்பை மட்டும் கவனிக்க வேண்டும். 1948இல் பாசோ ஃபுண்டோவில் பிறந்த ஸ்கொலாரி பெரிய பெயரெடுக்காத தடுப்பாட்டக்காரர். மசெயோ நகரின் சிஎஸ்ஏ கிளப்பில் ஆட்டத்தை முடித்துக்கொண்ட அவர், அங்கேயே பயிற்சியாளராகி 1982இல் அலகோவாஸ் மாநிலப் பட்டத்தை வென்றார். இது ஒரு பாதை. கார்லோஸ் ஆல்பெர்ட்டோ பரெய்ரா தொழில்முறை ஆட்டக்காரராகவே இருந்ததில்லை; உடற்பயிற்சித் துறையிலிருந்து வந்து, 1970இல் உலகக்கோப்பை வென்ற பிரேசில் அணியின் உடற்தகுதிக் குழுவில் இடம்பெற்று, 1994இல் தலைமைப் பயிற்சியாளராக அதே கோப்பையைப் பெற்றார். மரியோ சகாலோவோ 1958, 1962 ஆகிய இரு உலகக்கோப்பைகளை ஆட்டக்காரராகவும் 1970ஆம் ஆண்டுக் கோப்பையைப் பயிற்சியாளராகவும் வென்றவர். இன்றைய இளைஞர்களுக்கு பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, புரோ என்னும் உரிமப் படிகள் உள்ளன. எந்த வாசல் வழியாக ஒருவர் உள்ளே வந்தார் என்று தெரிந்துகொண்டால், அவருடைய முதல் பத்தாண்டுகள் ஏன் அப்படி அமைந்தன என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

வாசகர்கள் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் பகுதி வளைகுடா ஆண்டுகள். என்னைக் கேட்டால், பட்டியலில் மிகவும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடமே அதுதான். 1980களில் பிரேசிலின் பொருளாதாரம் பணவீக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. கிளப்புகள் சம்பளத்தை நேரத்துக்குத் தருவது அரிதாக இருந்தது. எண்ணெய் வளம் கொண்ட நாடுகளோ தேசிய அணிகளைக் கட்டியெழுப்ப பிரேசில் பயிற்சியாளர்களைத் தேடின. பரெய்ரா 1982இல் குவைத்தையும் 1990இல் ஐக்கிய அரபு அமீரகத்தையும் உலகக்கோப்பையில் வழிநடத்தியது இந்தப் பின்னணியில்தான். ஸ்கொலாரி முதலில் சவூதியின் அல் ஷபாபுக்குச் சென்றார், பின்னர் குவைத்தின் அல் காத்சியாவில் பணியாற்றினார். 1990இல் குவைத் தேசிய அணிக்கு வளைகுடாக் கோப்பையை வென்று தந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. ஆகவே இத்தகைய இடைவெளிகளைக் காணும்போது, இவர் பெரிய கிளப்புகளால் ஒதுக்கப்பட்டார் என்று எழுதுவதற்கு முன், அந்த ஆண்டில் பிரேசிலில் என்ன நடந்தது, அந்த நாட்டில் என்ன நடந்தது என்று இரண்டையும் பார்ப்பது நல்லது.

திரும்பி வந்த பிறகு நிகழ்ந்ததையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 1991இல் கிரிசியூமா என்னும் சிறு நகரக் கிளப்பைக் கொண்டு ஸ்கொலாரி கோபா டோ பிரேசிலை வென்றார். இறுதியில் எதிரணி, அவருடைய பழைய கிரேமியோ. கிரேமியோவின் ஊரான போர்ட்டோ அலெக்ரியில் 1–1, சொந்த மண்ணில் 0–0. மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணியின் திடலில் அடித்த கோலுக்கே முன்னுரிமை என்பதால், அந்த ஒரு கோலே கோப்பையைத் தந்தது. தோற்றவர் வெளியேறும் இருசுற்று நாக்அவுட் ஆட்டங்களில் எதிரியைக் கட்டிப்போட்டு வெல்வதுதான் அவருடைய கைவண்ணம் என்பது அங்கேயே வெளிப்பட்டுவிட்டது. 1993இல் கிரேமியோ அவரை மீண்டும் அழைத்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் 1994 கோபா டோ பிரேசில், 1995 லிபர்ட்டடோரெஸ், 1996 தேசியப் பட்டம் ஆகியவை வந்து சேர்ந்தன. பிறகு பால்மெய்ராஸுக்காக 1998இல் கோபா டோ பிரேசிலையும் 1999இல் லிபர்ட்டடோரெஸையும் வென்றார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2003க்கு முன் தேசியத் தொடரும் நாக்அவுட் சுற்றுகளோடுதான் முடிந்தது. எனவே 1990களின் தேசியப் பட்டத்தையும் 2003க்குப் பிந்தைய தேசியப் பட்டத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஸ்கொலாரியின் பட்டியலில் இரண்டு வகையும் உண்டு. நீண்ட லீக் முறையில் அவர் பெற்றது 2018இல் பால்மெய்ராஸோடு வென்ற பட்டம்.

ஒரே கிளப் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். பிரேசிலில் பணிநீக்கம் என்பது உறவு முறிவு அல்ல. கிளப்புகளின் தலைவர்கள் உறுப்பினர்களின் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்படுவது நெடுங்கால வழக்கம்; நான்கு ஆட்டங்கள் தோற்றால் ரசிகர்களின் கோபத்தைத் தணிக்கத் தலைவர் செய்யக்கூடிய மிக எளிய காரியம் பயிற்சியாளரை மாற்றுவதே. அதே காரணத்தால், சில ஆண்டுகள் கழித்து நெருக்கடி வரும்போது, ரசிகர்கள் நேசித்த பழைய பெயரை அழைப்பதும் எளிது. இந்த வழக்கம் எவ்வளவு முற்றியிருந்தது என்றால், 2021ஆம் ஆண்டுத் தொடரில் ஒரு கிளப் ஒரே ஒரு முறைதான் பயிற்சியாளரை நீக்கலாம் என்று விதியே கொண்டுவரப்பட்டது. இருதரப்பும் ஒப்புக்கொண்டு பிரிவதாக அறிவித்துவிட்டால் அந்தக் கணக்கில் வராது என்பதால் விதியைச் சுற்றிச் செல்வது கடினமாக இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது.

பட்டத்தையும் தரமிறக்கத்தையும் ஒருவர் தலையில் ஏற்றும்போது மாதப் பத்தி மீண்டும் உதவும். 2012ஆம் ஆண்டு பால்மெய்ராஸின் வரலாற்றில், ஜூலையில் ஸ்கொலாரியோடு கோபா டோ பிரேசில், செப்டம்பரில் அவருடைய விலகல், ஆண்டிறுதியில் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம் ஆகிய மூன்றும் உள்ளன. கோப்பையை மட்டும் எழுதினால் புகழுரை, இறக்கத்தை மட்டும் எழுதினால் பழி. 2021இல் கிரேமியோ தரமிறங்கியபோதும் அவர் ஜூலையில் வந்து அக்டோபரில் போனவர். அவருக்கு முன்னும் பின்னும் வேறு பயிற்சியாளர்கள் இருந்தார்கள். மாறாக, 2020இல் குருசெய்ரோவில் அவர் இருந்த சில மாதங்களுக்குக் கோப்பை எதுவும் இல்லை. இரண்டாம் பிரிவில் அடிமட்டத்தில் தத்தளித்த அந்தக் கிளப் மூன்றாம் பிரிவுக்குச் சரியாமல் காக்கப்பட்டது என்பதே அங்கே சாதனை. கோப்பைப் பத்தியில் கோடு மட்டும் இருக்கும் வரிகளில்தான் இப்படிப்பட்ட செய்திகள் ஒளிந்திருக்கின்றன.

பிரேசில் ஊடகங்கள் தரும் விழுக்காட்டைப் பயன்படுத்துவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே பயிற்சியாளரின் பெயருக்கு எதிரே அச்சிடப்படுவது பெரும்பாலும் வெற்றி விழுக்காடு அல்ல. கிடைத்திருக்கக்கூடிய மொத்தப் புள்ளிகளில் எத்தனை விழுக்காடு பெறப்பட்டது என்பதே அது. பத்து ஆட்டங்களில் 5 வெற்றி, 3 சமன், 2 தோல்வி என்றால் வெற்றி விழுக்காடு 50. ஆனால் வெற்றிக்கு 3, சமனுக்கு 1 என்ற கணக்கில் 30 புள்ளிகளுக்கு 18 பெற்றதால் பிரேசில் கணக்கில் அது 60. ஐரோப்பியப் பட்டியலோடு ஒப்பிடும்போது இதை மாற்றிக்கொள்ளாவிட்டால், பிரேசில் பயிற்சியாளர்கள் எல்லாரும் உள்ளதை விடத் திறமைசாலிகளாகத் தோன்றுவார்கள்.

தேசிய அணிக் காலத்தைத் தனித் தாளில் எழுதுவதே சரி. நான் முதன்முறை ஸ்கொலாரியைப் பற்றிக் குறிப்பெழுதியபோது 2014இல் மினெய்ராவ் திடலில் ஜெர்மனியிடம் பட்ட 7–1 தோல்வியைத் தலைப்பிலேயே வைத்துவிட்டேன். மற்ற எல்லாம் அதன் நிழலில் மறைந்தன. வரிசைப்படி எழுதினால்தான் நியாயம் கிடைக்கும். 2001இல் அவர் பொறுப்பேற்றபோது பிரேசில், தகுதிச் சுற்றிலேயே வெளியேறிவிடுமோ என்ற நிலையில் இருந்தது. அந்தச் சுற்றில் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே மாறி மாறி வந்திருந்தார்கள். முதல் ஆட்டத்தில் உருகுவேயிடம் தோல்வி, அந்த மாதமே கோபா அமெரிக்காவில் ஹோண்டுராஸிடம் 2–0 தோல்வி. நவம்பரில் கடைசி ஆட்டத்தில் வெனிசுவேலாவை வென்ற பிறகே தகுதி உறுதியானது. நாடே கேட்ட முன்கள ஆட்டக்காரர் ரொமாரியோவை அவர் அணியில் சேர்க்கவில்லை. மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தி, கஃபுவையும் ராபர்ட்டோ கார்லோஸையும் விளிம்புகளில் ஓடவிட்டு, 2002 உலகக்கோப்பையில் ஏழு ஆட்டங்களில் ஏழையும் வென்றார்; 18 கோல்கள் அடித்து 4 மட்டுமே வாங்கிய அணி அது. பின்னர் போர்ச்சுகலை 2004 ஐரோப்பியக் கோப்பையின் இறுதிக்கும் 2006 உலகக்கோப்பையின் அரையிறுதிக்கும் கொண்டுசென்றார். இரு நாடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், உலகக்கோப்பையில் தொடர்ந்து 11 வெற்றிகள். பன்னிரண்டாவது ஆட்டத்தில் இங்கிலாந்தோடு சமன் செய்து பெனால்டிகளில் வென்றார். இவ்வளவையும் எழுதிவிட்டு 2013 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் ஸ்பெயினை 3–0 என்று வென்றதையும் சேர்த்த பிறகு, நெய்மார் காயத்தாலும் தியாகோ சில்வா தடையாலும் இல்லாத அந்த அரையிறுதிக்கு வர வேண்டும். 29 நிமிடங்களில் ஐந்து கோல்கள் விழுந்ததற்கு அந்த இருவரின் இன்மை மட்டுமே காரணம் என்று எவரும் நம்பமாட்டார்கள். நடுக்களம் திறந்து கிடந்தது பயிற்சியாளரின் பொறுப்பே.

துணைப் பயிற்சியாளர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குவது பயன் தரும். பிரேசிலில் தலைமைப் பயிற்சியாளர் தம் குழுவையே கூட்டிக்கொண்டு கிளப் மாறுவது வழக்கம்; ஸ்கொலாரியோடு முர்டோசா என்றழைக்கப்படும் ஃபிளாவியோ டெய்ஷேரா பல ஆண்டுகள் பயணித்தார். 

வெளிநாட்டுக் கிளப்புகளின் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் சில பாதைகள் துலங்கும். தாஷ்கண்டின் புன்யோட்கோர் கிளப்பில் ஸ்கொலாரி 2009இல் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கிருந்தவர், பிரேசிலின் முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் சிக்கோ. அதே சிக்கோதான் பின்னர் இந்தியன் சூப்பர் லீக்கில் எஃப்சி கோவாவின் பயிற்சியாளராக வந்து, 2015 இறுதியில் சென்னையின் எஃப்சியிடம் 3–2 என்று தோற்றவர். பணமும் நட்பும் ஏற்கெனவே போட்டுவைத்த வழியில்தான் பயிற்சியாளர்கள் பயணிக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று. இங்கிலாந்தின் செல்சியில் ஸ்கொலாரி 2008 ஜூலை முதல் 2009 பிப்ரவரி வரை மட்டுமே இருந்தார்; அதைத் தோல்வி என்று எழுதுபவர்கள், சீனாவின் குவாங்சோ எவர்கிராண்டேயில் அவர் தொடர்ந்து வென்ற மூன்று லீக் பட்டங்களையும் 2015 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

கடைசி ஆண்டுகளை வாசிக்கும்போது, பிரேசிலின் உள்ளூர்ச் சந்தையே மாறிவிட்டதை மனத்தில் கொள்ள வேண்டும். 2019இல் போர்ச்சுகலைச் சேர்ந்த ஜார்ஜ் ஜெசுஸ் ஃபிளமெங்கோவுக்கு லிபர்ட்டடோரெஸையும் தேசியப் பட்டத்தையும் ஒருசேர வென்று தந்ததிலிருந்து பெரிய கிளப்புகள் அயல்நாட்டினரை நாடத் தொடங்கின. பால்மெய்ராஸ் 2020, 2021 லிபர்ட்டடோரெஸ்களை இன்னொரு போர்ச்சுகல்காரரான ஏபெல் ஃபெரெய்ராவோடு வென்றது. 2025இல் தேசிய அணியே இத்தாலியரான கார்லோ ஆஞ்சலோட்டியின் கைக்குப் போனது. அந்தச் சூழலில் 73 வயது ஸ்கொலாரி 2022இல் அத்லெட்டிகோ பரனான்சேயை லிபர்ட்டடோரெஸ் இறுதி வரை அழைத்துச்சென்று, ஃபிளமெங்கோவிடம் ஒரே கோலில் தோற்றார். அதன்பின் அத்லெட்டிகோ மினெய்ரோவில் 2024 மார்ச் வரை பயிற்சியாளர். 2025இல் கிரேமியோவுக்கு ஐந்தாம் முறையாக வந்தார், ஆனால் இம்முறை தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக. அந்த வரியைப் பயிற்சியாளர் பட்டியலின் கீழே ஒரு கோடு கிழித்து, அதற்கு அடியில் எழுத வேண்டும்.