வேலூர்த் திரையரங்கில் ஓபரா பார்க்க ஒரு வழிகாட்டி

ஓபரா என்பது பாட்டின் வழியே கதை சொல்லும் மேலைநாட்டு இசை நாடகம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம், 2006 டிசம்பர் 30 அன்று இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்' நாடகத்தில் தொடங்கி, தன் மேடை நிகழ்ச்சிகளைச் செயற்கைக்கோள் வழியாகத் திரையரங்குகளுக்கு நேரலையில் அனுப்பி வருகிறது. வேலூர், காட்பாடி, ஆற்காடு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் இருப்பவர்களும் இத்தகைய நிகழ்ச்சியைப் பெரிய திரையில் பார்க்க முடியும். ஆனால் நம் ஊர்த் திரையரங்குகளின் அன்றாடக் காட்சிப் பட்டியலில் ஓபரா இடம்பெறுவதில்லை என்பதால், ஆர்வமுள்ளவர்களைத் திரட்டி நாமேதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

முதலில் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோபாலிட்டன் நேரலைகள் பெரும்பாலும் நியூயார்க் நேரப்படி சனிக்கிழமை பகல் 1 மணிக்குத் தொடங்குகின்றன. நமக்கு அது குளிர்காலத்தில் இரவு 11.30, அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் மாதங்களில் இரவு 10.30. இடைவேளைகளையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஓடும் நாடகம் பின்னிரவில்தான் முடியும். வழக்கமான நேரத்துக்குப் புறம்பான காட்சிகளுக்குத் தமிழ்நாட்டில் தனி அனுமதி வேண்டும் என்பதால், அந்த நேரலையின் பதிவைப் பின்னொரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகப் போடுவதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. நேரலையாகவே பார்த்தாக வேண்டும் என்பவர்கள், ஐரோப்பிய அரங்குகளின் நாடகங்களை இணையத்தில் கட்டணமின்றி வழங்கும் 'ஓபராவிஷன்' தளத்தின் நேரலை அறிவிப்புகளைப் பார்த்து, வீட்டிலேயே இரவு கண்விழிக்கலாம்.

அடுத்தது உரிமம். வீட்டில் பார்ப்பதற்காகக் கட்டிய சந்தாவை வைத்துக்கொண்டு அரங்கில் திரையிடக் கூடாது. உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுதி, பொதுத் திரையிடலுக்கான அனுமதியைக் கையில் வாங்கிய பிறகே திரையரங்கு மேலாளரிடம் வாடகை பேச வேண்டும். பல திரைகள் உள்ள வளாகமாக இருந்தால் மிகச் சிறிய திரையைக் கேளுங்கள். பார்வையாளர்கள் கிடைப்பார்களா என்ற ஐயம் வேண்டாம்: சி.எம்.சி. மருத்துவமனையிலும் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்திலும் பல மாநிலத்தவரும் வெளிநாட்டவரும் இருக்கிறார்கள். தேவாலயப் பாடகர் குழுக்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று குரல் பிரித்துப் பாடிப் பழகியவர்களுக்கு இந்த இசையின் அமைப்பு புதிதன்று.

படம் ஓட்டுபவரிடம் முன்கூட்டியே இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். மெல்லிய தொடக்க இசை சரியாகக் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால், பின்னர் கூட்டுக்குரல் எழும்போது காது வலிக்கும். ஆகவே உரத்த பகுதி ஒன்றை ஓட்டிப் பார்த்து, அதற்கேற்ப ஒலியளவை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றொன்று இடைவேளை. அங்கம் முடியும் இடத்தில்தான் விளக்கைப் போட வேண்டும். பாதிப் பாட்டில் நிறுத்தினால் அதுவரை கட்டிய உணர்வு முழுவதும் கலைந்துபோகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, கதையைத் தெரிந்துகொண்டு போவது. வடாற்காட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் பகலில் பிரசங்கம் கேட்டுவிட்டு, இரவில் கூத்துப் பார்க்க உட்காருபவர்களில், துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று அறியாதவர் யார்? முடிவு தெரிந்திருப்பதால்தான் திரைக்குப் பின்னால் நின்று வேடக்காரர் பாடும் முதல் விருத்தத்திலேயே மனம் ஊன்றுகிறது. ஓபராவையும் அப்படியே அணுகுங்கள். இத்தாலி மொழி புரியாது என்ற அச்சத்தைப் பாதி போக்கிவிடுவது கதைச் சுருக்கம். மீதியை ஆங்கில வசனவரி பார்த்துக்கொள்ளும்.

முதன்முறை பார்ப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, 1896இல் தூரின் நகரில் அரங்கேறிய புச்சீனியின் 'லா போயெம்'. பாரிஸ் மாடியறை ஒன்றில் ஏழைக் கவிஞன் ரொடால்ஃபோ தனியாக இருக்கிறான். அணைந்த மெழுகுவத்தியை ஏற்றிக்கொள்ளப் பக்கத்து அறைப் பெண் மிமி வருகிறாள். அவளுடைய சாவி தொலைகிறது. இருட்டில் இருவரும் தரையைத் துழாவும்போது அவன் கை அவளுடைய குளிர்ந்த விரல்களைத் தொடுகிறது. அங்கே கதை நின்றுவிடுகிறது, பாட்டு தொடங்குகிறது. அவன் தன்னைப் பற்றிப் பாடுகிறான், அடுத்து அவள் பாடுகிறாள், பிறகு இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். கதை ஏன் நகரவில்லை என்று இந்த இடத்தில் பொறுமையிழக்கக் கூடாது, ஏனெனில் ஓபரா என்பதே இந்த நிற்றல்தான். ஏறத்தாழ 3,800 இருக்கைகள் கொண்ட மெட்ரோபாலிட்டன் அரங்கில், குரலைப் பெருக்கித் தரும் ஒலிபெருக்கி எதுவுமின்றி, முழு வாத்தியக் குழுவைத் தாண்டி அந்தக் குரல் கடைசி வரிசை வரை போய்ச் சேருகிறது. உச்ச சுரத்துக்குமுன் பாடகர் மூச்சை இழுக்கும்போது விலா விரிவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும், அந்த அரங்கின் மேல்மாடியில் இருப்பவரைவிட நெருக்கமாக, திரையில் நாம் பார்க்கிறோம். திரையில் ஓபரா பார்ப்பதன் பெரும்பேறு இதுவே என்று உறுதியாகச் சொல்வேன்.

வசனவரியையும் முகங்களையும் ஒரே பார்வையில் பிடிக்க நடு வரிசைகளுக்குச் சற்றுப் பின்னால் உட்காருவது நல்லது. இடைவேளையில் உடனே எழுந்து போய்விடாதீர்கள். பாடி முடித்து வந்தவர்களுடன் மேடைக்குப் பின்னால் நடக்கும் உரையாடலும், காட்சியமைப்பை ஆட்கள் மாற்றும் வேலையும் அப்போதுதான் காட்டப்படும். பாட்டு முடிந்து அங்கே கைதட்டல் எழும்போது நாமும் தாராளமாகத் தட்டலாம்.

இரண்டாவதாக 1875இல் அரங்கேறிய பிசேயின் 'கார்மென்', அல்லது வெர்டியின் 'லா திராவியாதா' என்று போகலாம். வாக்னரின் நாடகங்கள் சில நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும். இரண்டு மூன்று ஓபராக்களில் காது பழகிய பிறகு அவற்றுக்கு அரங்கை வாடகைக்கு எடுங்கள்.