WWE-யின் ரா மல்யுத்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுபவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் திங்கள் இரவு நடக்கும் ரா நமக்குச் செவ்வாய் காலை, வேலை நேரம். அதனால் முடிவு காதில் விழாமல் இருக்க வாட்ஸாப்பை மூடிவைத்துவிட்டு இரவில் பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. ஒவ்வோர் அடியையும் எழுத வேண்டாம், எப்படி முடிந்தது என்று மட்டும் குறியுங்கள்: தோளை அழுத்தி மூன்று எண்ணிய வெற்றியா, வெளியாள் புகுந்து அடித்ததால் தகுதி நீக்கமா, வளையத்துக்கு வெளியே கிடந்து பத்து எண்ணிக்கை போனதா. அடுத்த வாரக் கதை அதில்தான் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதைச் சொல்லாத விமர்சனம் வெறும் பட்டியல். வீரர்கள் மைக்கில் பேசும்போது கூட்டம் கத்துகிறதா, அடங்குகிறதா என்றும் கவனியுங்கள். அப்புறம், அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் ஒட்டுக்கடையில் நாலு பேர் பேசுவதைக் கேட்டால் உங்கள் கருத்து கலங்கிவிடும்.