ஆளுநர் மீண்டும் களத்தில் நிற்கும்போது: அமெரிக்க மாநிலத் தேர்தலைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகத்தை நடத்துவதும், வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பதும், சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை வீட்டோ செய்து (ஏற்க மறுத்து) தடுப்பதும், பல மாநிலங்களில் கைதிகளின் தண்டனையைக் குறைப்பதும் அவர் கையில் இருக்கின்றன. அத்தகையவர் மீண்டும் வாக்குக் கேட்டு வரும் போட்டியை வாஷிங்டன் அரசியலின் நிழலாக மட்டும் பார்ப்பது பெரும்பாலும் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும். முதலில் அந்த மாநிலத்தின் விதிகள், அடுத்து அவருடைய ஆட்சிக்காலச் செயல்பாடு, அதன் பிறகே கருத்துக்கணிப்பு என்ற வரிசையில் படிப்பவருக்குத்தான் களம் தெளிவாகத் தெரியும்.

முதல் வேலை, அவர் மீண்டும் நிற்கலாமா என்பதை உறுதிசெய்வது. 48 மாநிலங்களில் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். நியூ ஹாம்ப்ஷயரிலும் வெர்மான்டிலும் மட்டும் இரண்டு ஆண்டுகள். வர்ஜீனியாவில் பதவியில் இருப்பவர் அடுத்த தேர்தலில் நிற்கவே முடியாது. டெக்சாஸில் வரம்பே இல்லாததால்தான் ரிக் பெர்ரி 2000 டிசம்பர் முதல் 2015 ஜனவரி வரை ஆளுநராக நீடிக்க முடிந்தது. தேர்தல் ஆண்டையும் கவனிக்க வேண்டும். 36 மாநிலங்களில் ஆளுநர் தேர்தல், 2022, 2026 போன்ற அதிபர் தேர்தல் இல்லாத இரட்டைப்படை ஆண்டுகளில் வருகிறது. கென்டக்கி, லூசியானா, மிசிசிப்பி, நியூ ஜெர்சி, வர்ஜீனியா ஆகியவை ஒற்றைப்படை ஆண்டுகளில் வாக்களிக்கின்றன. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டில் வாக்குப்பதிவு குறைவதால், யார் வராமல் போகிறார்கள் என்பதே சில இடங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

வெற்றிக்கு எத்தனை விழுக்காடு தேவை என்பதும் எல்லா இடங்களிலும் ஒன்றல்ல. பெரும்பாலான மாநிலங்களில் மற்றவர்களைவிட ஒரு வாக்கு அதிகம் பெற்றாலே போதும். ஜார்ஜியாவில் பாதிக்கு மேல் வேண்டும். இல்லையெனில் முதல் இருவருக்கிடையே இரண்டாம் சுற்று நடக்கும். 2019இல் லூசியானாவில் எல்லாக் கட்சியினரும் ஒரே களத்தில் எதிரெதிராக நின்ற முதல் சுற்றில் ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் முதலிடம் பெற்றும் பாதியை எட்டவில்லை. நவம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில்தான் குறுகிய வித்தியாசத்தில் தப்பினார். வெர்மான்டின் விதி இன்னும் வியப்பானது. 2014இல் ஆளுநர் பீட்டர் ஷம்லின் முன்னிலை பெற்றும் பாதி வாக்குகளைத் தாண்டாததால், 2015 ஜனவரியில் மாநிலச் சட்டமன்றம் கூடி வாக்களித்த பிறகே அவர் பதவியைத் தக்கவைத்துக்கொண்டார்.

நவம்பருக்கு முன்பே ஆபத்து இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்சியின் வேட்பாளரைத் தேர்வுசெய்யும் பிரைமரியிலேயே பதவியில் இருப்பவர் வீழ்த்தப்படலாம். கான்சாஸில் துணை ஆளுநராக இருந்து 2018 ஜனவரியில் ஆளுநரான ஜெஃப் காலியர், அதே ஆண்டு குடியரசுக் கட்சியின் பிரைமரியில் கிரிஸ் கோபாக்கிடம் 343 வாக்குகளில் தோற்றார். அந்த கோபாக், நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லியிடம் தோற்றார். ஆகவே, ஆளுநரை எதிர்த்து அவர் கட்சிக்குள்ளேயே யார் மனு அளித்திருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து, ஆட்சிக்காலச் செயல்பாடு. என் கருத்தில் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆண்டுதோறும் ஆளுநர் சட்டமன்றத்தில் ஆற்றும் உரை, வரவுசெலவு ஆவணம், வீட்டோ செய்த மசோதாக்களின் பட்டியல் ஆகிய மூன்றும் மாநில அரசின் தளத்திலேயே கிடைக்கும்; விளம்பரங்கள் சொல்லாததை அவை சொல்லும். விஸ்கான்சின் ஆளுநர் டோனி எவர்ஸ் 2023இல், மசோதாவின் ஒரு பகுதியை மட்டும் நீக்கும் வீட்டோ அதிகாரத்தைக் கொண்டு, பள்ளி நிதி உயர்வு தொடர்பான வரியில் இருந்த ‘2024-25’ என்பதிலிருந்து சில இலக்கங்களையும் இடைக்கோட்டையும் மட்டும் நீக்கி அதை ‘2425’ ஆக்கினார். இரண்டு ஆண்டுகளுக்கான ஏற்பாடு, 400 ஆண்டுகளுக்கு நீண்டுவிட்டது. ஓர் ஆளுநர் கல்விச் செலவை எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறார், தம் அதிகாரத்தை எதுவரை கொண்டுசெல்லத் துணிகிறார் என்ற இரண்டையும் அந்த ஒரே செயல் காட்டிவிடுகிறது.

கட்சிக்குச் சாதகமான மாநிலத்திலும் உள்ளூர்ப் பிரச்சினை ஆளுநரை வீழ்த்தும். 2016இல் டிரம்ப் ஏறத்தாழ 30 புள்ளிகளில் வென்ற கென்டக்கியில், ஓய்வூதியம் குறித்து ஆசிரியர்களோடு மோதிய குடியரசுக் கட்சி ஆளுநர் மேட் பெவின், 2019இல் சுமார் 5,000 வாக்குகளில் ஆண்டி பெஷியரிடம் தோற்றார். மறுபக்கம், 2024இல் கமலா ஹாரிஸ் எளிதாக வென்ற வெர்மான்டில், குடியரசுக் கட்சி ஆளுநர் ஃபில் ஸ்காட் 70 விழுக்காட்டுக்கும் மேல் பெற்று மீண்டும் வந்தார். எனவே, அதிபர் தேர்தலில் கட்சி பெற்ற விழுக்காட்டையும் ஆளுநர் முன்பு பெற்ற விழுக்காட்டையும் மாவட்டவாரியாக அருகருகே வையுங்கள். இடைவெளி பெரிதாக உள்ள இடங்களே அவருடைய தனிப்பட்ட செல்வாக்கு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும்.

கருத்துக்கணிப்புக்கு இதன் பிறகே வரலாம். பதவியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெல்கிறார்கள்; 2022 பொதுத்தேர்தலில் தோற்ற ஒரே ஆளுநர் நெவாடாவின் ஸ்டீவ் சிசோலாக். ஆனாலும் முன்னிலையை அப்படியே நம்ப வேண்டாம். நியூ ஜெர்சியில் 2021இல் ஃபில் மர்ஃபி சுமார் மூன்று புள்ளிகளில்தான் வென்றார். கணிப்புகள் பலவும் அதைவிடப் பெரிய முன்னிலையைக் காட்டியிருந்தன. எதிரியைவிட எத்தனை புள்ளி முன்னிலை என்பதோடு, ஆளுநரின் சொந்த ஆதரவு 50 விழுக்காட்டைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். எல்லோரும் அறிந்த ஒருவர் 45இலேயே நின்றால், முடிவெடுக்காதவர்கள் அவரிடம் ஏற்கெனவே தயக்கம் காட்டுகிறார்கள் என்று பொருள்கொள்ளலாம்.

நன்கொடை விதிகளை மாநிலச் சட்டமே வகுக்கிறது. டெக்சாஸில் தனிநபர் நன்கொடைக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் ஒரு கூட்டாட்சிச் சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும், அங்கே வாழும் தமிழர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்: எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக்கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் தரலாம். ஆனால் ஆளுநர் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும்.

வாக்கு எண்ணும் இரவில், தபால் வாக்குகளை அந்த மாநிலம் எப்போது எண்ணுகிறது என்பதை முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் எண்கள் எந்தப் பகுதியினுடையவை என்று தெரியாமல் போக்கைக் கணிக்க இயலாது. நெருக்கமான போட்டியில் அன்றிரவே முடிவு வரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. 2016இல் வட கரோலினா ஆளுநர் பேட் மெக்ரோரி சுமார் 10,000 வாக்குகளில் ராய் கூப்பரிடம் தோற்றார். மனுக்களும் மறு எண்ணிக்கைக் கோரிக்கைகளும் முடிந்து, டிசம்பர் 5ஆம் தேதிதான் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.