தோல்விக் கணக்கு: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனைப் பின்தொடரப் பழகுவது எப்படி?

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்குக் குடிவந்த புதிதில், ஒரு சனிக்கிழமை காலை கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து "ஓ-ஹெச்!" என்று கூவினார். திருதிருவென விழித்தேன். எனக்குப் பின்னாலிருந்து பணம் வாங்கும் பெண் "ஐ-ஓ!" என்று பதில் குரல் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றினார். ஒருவர் மாநிலத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்தைச் சொன்னால், எதிரில் இருப்பவர் மீதி இரண்டைச் சொல்லி முடிக்க வேண்டுமாம். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஆடும் நாளில் இங்கே வணக்கமும் அதுதான், நலம் விசாரிப்பும் அதுதான்.

விளையாட்டின் விதிகளை இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். புரியாமல் போனது வேறொன்று. 2024இல் முதல் பிரிவில் மட்டும் 134 அணிகள். ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் ஆடுவது 12 ஆட்டங்கள்தான். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று கண்ணாலும் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, யார் சாம்பியன் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? கிரிக்கெட் தொடரில் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் போதும். இங்கே 13 பேர் கொண்ட தேர்வுக் குழு ஓர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு அணியின் தோல்வியையும் எடைபோடுகிறது. ஆகவே இந்தச் சீசனைப் படிக்க நான் சொல்லித்தரும் வழியும் அதுவே: வெற்றிகளை விடுங்கள், தோல்விகளைக் குறித்துவையுங்கள்.

பயிற்சிக்கு 2024ஆம் ஆண்டுச் சீசனை எடுத்துக்கொள்வோம். 12 அணிகள் மோதிய பிளேஆஃப் சுற்று முதன்முதலாக நடந்தது அந்த ஆண்டில்தான். விடை தெரிந்த கணக்கு என்பதால் சரிபார்ப்பதும் எளிது.

படி 1: ஒரு நோட்டு எடுங்கள்

பக்கத்துக்கு ஓர் அணி. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள்: யாரிடம் தோற்றது, எந்த ஊர் மைதானத்தில், எத்தனை புள்ளி வித்தியாசத்தில், எந்த மாதத்தில். அவ்வளவுதான். 134 அணிகளுக்கும் பக்கம் ஒதுக்க வேண்டாம். தரவரிசையில் முன்னால் இருக்கும் பதினைந்து போதும்.

படி 2: இந்த அளவு விதி தெரிந்தால் போதும்

மைதானத்தின் நீளம் 100 யார்டு. பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். திரையின் மூலையில் 3, 7 என்று இரண்டு எண்கள் தெரிந்தால், இது மூன்றாவது முயற்சி, இன்னும் 7 யார்டு தேவை என்று பொருள். அந்த இரண்டு எண்களில் கண் பழகிவிட்டால் ஆட்டத்தில் பாதி புரிந்துவிடும்.

எல்லைக்குள் பந்தோடு நுழைந்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1. உதைக்காமல் இன்னொரு முறை எல்லைக்குள் நுழைந்து காட்டினால் 2. டச்டவுன் கிடைக்காது என்று தோன்றினால் தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் எடுக்கலாம், அதற்கு 3.

இதை நான் விளக்கிச் சொன்னதைவிட நன்றாக விளக்கியது ஒரே ஓர் ஆட்டம். 2024 நவம்பர் 2, தீபாவளி முடிந்த சனிக்கிழமை. நண்பர் வீட்டில் மதிய விருந்து. ஒஹாயோ ஸ்டேட் அணி பென்சில்வேனியாவுக்குப் போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிறைந்த மைதானத்தில் பென் ஸ்டேட் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த நண்பரின் அப்பா, கையில் முறுக்கோடு டி.வி. முன்னால் அமர்ந்திருந்தார். ஒஹாயோ 20, பென் ஸ்டேட் 13. நான்காவது கால் பகுதி. எல்லைக்கு 3 யார்டு தொலைவில் பென் ஸ்டேட் கையில் பந்து. நான்கு முயற்சிகளும் மீதி.

"மூன்று கெஜம்தானே தம்பி, விழுந்தாலே போய்ச் சேர்ந்துவிடலாமே!" என்றார் மாமா.

முதல் முயற்சி, நடுவே ஓட்டம், அமுக்கிவிட்டார்கள். இரண்டாவதும் ஓட்டம், மூன்றாவதும் ஓட்டம். ஒவ்வொரு முறையும் ஆட்கள் மலையாகக் குவிய, பந்து ஓரிரு அடிதான் நகர்ந்தது. நான்காவது முயற்சியில் பந்தை எறிந்தார்கள், கைக்குச் சிக்கவில்லை. பந்து ஒஹாயோவுக்கு வந்தது. மீதமிருந்த ஐந்து நிமிடத்தையும் ஒஹாயோ ஓடி ஓடியே கரைத்தது. எதிரணிக்குப் பந்து திரும்பக் கிடைக்கவே இல்லை. "அட, இது சடுகுடு! நடுவில் ஒரு பந்தை வைத்திருக்கிறார்கள்" என்று மாமா முடிவாகச் சொல்லிவிட்டார். அதன்பின் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

படி 3: கான்ஃபரன்ஸ் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், பெயரை நம்பாதீர்கள்

அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு கூட்டமைப்புக்கும் தனிச் சாம்பியன் உண்டு. பெயர்களை வைத்து எதையும் ஊகிக்காதீர்கள். 'பிக் டென்' என்றால் பத்து அணிகள் என்று நினைப்பீர்கள். 2024இல் அதில் இருந்தவை 18. 'பிக் டுவெல்வ்' கூட்டமைப்பில் 16. அட்லான்டிக் கரையின் பெயரைத் தாங்கிய கூட்டமைப்பில் பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டு சேர்ந்திருக்கிறது. தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் கிழக்கு மேற்கைக் குழப்பிவிட்டது, வேறென்ன. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் ஃபுட்பாலில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனிக்காட்டு ராஜாவாக ஆடுகிறது. இந்தத் தகவலை நோட்டில் கோடிட்டு வையுங்கள், படி 6இல் தேவைப்படும்.

படி 4: சனிக்கிழமைக்கு நேரம் ஒதுக்குங்கள்

ஆகஸ்டு இறுதியிலிருந்து நவம்பர் இறுதிவரை சனிக்கிழமைதான் திருநாள். கிழக்கு அமெரிக்க நேரப்படி நண்பகலில் முதல் வரிசை ஆட்டங்கள் தொடங்கும். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது இரவு 9.30, நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 10.30. இரவு ஆட்டங்களைப் பார்க்க ஞாயிறு விடியற்காலையில் எழ வேண்டும். ஓர் ஆட்டம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

படி 5: தோல்விகளை எடைபோடப் பழகுங்கள்

இதுதான் பாடத்தின் கரு. 2024இன் சில தோல்விகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

செப்டம்பர் 7. நோட்டர் டேம் தன் சொந்த மைதானத்தில் வடக்கு இலினாய் அணியிடம் 14-16 என்று தோற்றது. பெரிய பல்கலைக்கழகங்கள் சீசன் தொடக்கத்தில் சிறிய அணிகளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்து ஆடுவது வழக்கம். விருந்துக்குக் கூப்பிட்டுப் பரிமாறிவிட்டு, உதையும் வாங்கிய கதை. நோட்டில் எழுதுங்கள்: சிறிய அணி, சொந்த ஊர், 2 புள்ளி, செப்டம்பர். முதல் கட்டமும் இரண்டாம் கட்டமும் படுமோசம். ஆனால் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள், செப்டம்பர். திருத்திக்கொள்ள இன்னும் பத்து ஆட்டங்கள் இருந்தன. அத்தனையிலும் நோட்டர் டேம் வென்றது.

அதே நாளில் பாய்சி ஸ்டேட் ஒரிகனுக்குப் போய், கடைசி நொடி ஃபீல்டு கோலில் 34-37 என்று தோற்றது. அந்த ஒரிகன் பின்னர் முதலிடத்துக்கு வந்தது. ஒரிகன் ஏற ஏற, பாய்சியின் தோல்வியும் கௌரவமாகிக்கொண்டே போனது. சில வெற்றிகள்கூட இவ்வளவு உதவுவதில்லை.

அக்டோபர் 5. நாட்டின் மிகப் பலம் வாய்ந்த அணிகளில் ஒன்றான அலபாமாவை வான்டர்பில்ட் 40-35 என்று வீழ்த்தியது. 1984க்குப் பிறகு அலபாமாவை அது வென்றது அன்றுதான். ரசிகர்கள் கம்பத்தைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியே தூக்கிச் சென்று கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டார்கள். அலபாமா அதன்பின் டென்னசியிடமும், 3-24 என்று ஓக்லஹோமாவிடமும் தோற்றது. ஒரே பக்கத்தில் மூன்று வரிகள்.

இனி எங்கள் ஊர்ப் பக்கம். அக்டோபர் 12, ஒரிகன் மைதானத்தில் ஒஹாயோ ஸ்டேட் 31-32 என்று தோற்றது. வலுவான அணி, வெளியூர், ஒரே புள்ளி: இதைக் குழு பெரிதாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் நவம்பர் 30?

நவம்பர் கடைசி வாரத்தில் கொலம்பஸ் வந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பல்கலைக்கழக வளாகப் பெயர்ப் பலகைகளில் 'எம்' என்ற எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்புப் பட்டையால் குறுக்கே ஒட்டி மறைத்திருப்பார்கள். பரம வைரி மிச்சிகன்; அதன் முதல் எழுத்துக்குக்கூட இங்கே இடமில்லை. அந்த மிச்சிகன் அன்று தரவரிசையிலேயே இல்லை, 6 வெற்றி 5 தோல்வியோடு வந்திருந்தது. தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹாயோ, சொந்த மைதானத்தில் 10-13 என்று தோற்றது. மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி. வென்றவர்கள் நடு மைதானத்தில் கொடியை நடப் போக, கைகலப்பாகி, போலீஸார் பெப்பர் ஸ்பிரே அடித்தார்கள். பயிற்சியாளர் ரையன் டேயை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஊரே கொதித்தது.

நான்கு கட்டங்களையும் நிரப்பிப் பாருங்கள்: தரவரிசையில் இல்லாத அணி, சொந்த ஊர், 3 புள்ளி, நவம்பர் இறுதி. இதைவிட மோசமான வரி அந்த நோட்டில் இல்லை. பழைய நான்கு அணி பிளேஆஃப் முறையாக இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. 12 இடம் என்பதால் பிழைத்தது. பென் ஸ்டேட்டையும் இந்தியானாவையும் வென்றிருந்ததால் குழு ஆறாம் இடத்துக்கு மட்டும் இறக்கியது.

படி 6: குழு போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

நவம்பர் முதல் வாரத்திலிருந்து செவ்வாய்தோறும் குழு தன் தரவரிசையை வெளியிடும். டிசம்பர் முதல் சனிக்கிழமையை ஒட்டிக் கூட்டமைப்புகளின் இறுதி ஆட்டங்கள்; மறுநாள் ஞாயிறு இறுதிப் பட்டியல். 2024இன் பட்டியல் இது:

1 ஒரிகன், 2 ஜார்ஜியா, 3 டெக்சஸ், 4 பென் ஸ்டேட், 5 நோட்டர் டேம், 6 ஒஹாயோ ஸ்டேட், 7 டென்னசி, 8 இந்தியானா, 9 பாய்சி ஸ்டேட், 10 எஸ்.எம்.யூ. (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்), 11 அலபாமா, 12 அரிசோனா ஸ்டேட். கீழே 16ஆவது இடத்தில் கிளெம்சன்.

கீழே படிக்காமல் ஒரு தாளில் முயன்று பாருங்கள். அந்த ஆண்டு விதி இதுதான்: தரவரிசையில் முன்னால் இருக்கும் ஐந்து கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கு இடம் உறுதி. அந்த ஐவர் ஒரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட், கிளெம்சன். அவர்களில் முதல் நால்வருக்கு 1 முதல் 4 வரை வரிசை எண். முதல் சுற்றில் ஆட வேண்டாம். மீதி ஏழு இடங்கள் தரவரிசைப்படி.

விடை: ஒரிகன் 1, ஜார்ஜியா 2. ஒன்பதில் இருந்த பாய்சி 3, பன்னிரண்டில் இருந்த அரிசோனா ஸ்டேட் 4. பிறகு டெக்சஸ் 5, பென் ஸ்டேட் 6, நோட்டர் டேம் 7, ஒஹாயோ 8, டென்னசி 9, இந்தியானா 10, எஸ்.எம்.யூ. 11, கிளெம்சன் 12. பதினோராம் இடத்து அலபாமா வெளியே, பதினாறாம் இடத்து கிளெம்சன் உள்ளே. கிளெம்சன் தன் கூட்டமைப்பு இறுதியில் எஸ்.எம்.யூ.வை 56 யார்டு ஃபீல்டு கோலால் கடைசி நொடியில் வென்றிருந்தது. அந்த ஓர் உதைதான் அலபாமாவின் இடத்தைப் பறித்தது. கூட்டமைப்பே இல்லாத நோட்டர் டேமுக்கு, எத்தனை வென்றிருந்தாலும் முதல் நான்கு எண்களில் இடம் கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் விடை பிசகியிருந்தால் பெரும்பாலும் பாய்சியையும் அரிசோனாவையும் மேலே தூக்கி வைக்க மறந்திருப்பீர்கள். நானும் அங்கேதான் தவறினேன். மறு ஆண்டே இந்த விதியை மாற்றிவிட்டார்கள்: 2025 முதல் வரிசை எண் தரவரிசைப்படியே.

படி 7: ஜனவரிவரை உட்காருங்கள்

முதல் சுற்றில் 5க்கு 12, 6க்கு 11, 7க்கு 10, 8க்கு 9. வரிசையில் முன்னால் இருக்கும் அணியின் ஊரிலேயே ஆட்டம். நான்கிலும் உள்ளூர் அணிகளே வென்றன. காலிறுதியில் தலைகீழ்: ஓய்வெடுத்துவிட்டு வந்த நால்வரும் தோற்றார்கள். முதல் எண் ஒரிகனுக்கு எதிரே வந்தது, அக்டோபரில் ஒரு புள்ளியில் அதனிடம் தோற்ற ஒஹாயோ. புத்தாண்டு நாளில், பாஸடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில், இரண்டாம் கால் பகுதி முடிவதற்குள் ஒஹாயோ 34, ஒரிகன் 0. முடிவு 41-21. அக்டோபர் வரியை அன்றே அடித்துவிட்டேன்.

2025 ஜனவரி 20, அட்லான்டா. இறுதியில் நோட்டர் டேமும் ஒஹாயோவும்: செப்டம்பரில் வடக்கு இலினாயிடம் தோற்ற அணிக்கு எதிரே நவம்பரில் மிச்சிகனிடம் தோற்ற அணி. 31-7 வரை போன ஆட்டத்தை நோட்டர் டேம் 31-23க்கு இழுத்து வந்தது. மூன்று நிமிடம்கூட மீதமில்லை. பந்து ஒஹாயோ கையில். திரை மூலையில் 3, 11. மூன்றாவது முயற்சி, 11 யார்டு தேவை. தவறினால் நான்காவது முயற்சியில் பந்தைத் தூர உதைத்து நோட்டர் டேமிடம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். ஓடிக் கடிகாரத்தைக் கரைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஒஹாயோவில் பந்தை எறிபவரான வில் ஹவர்டு அதை உயரத் தூக்கி எறிந்தார். முதலாண்டு மாணவர் ஜெரமையா ஸ்மித் 56 யார்டுக்குப் பிடித்தார். 34-23, கோப்பை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டு ரசிகர். வேலி ஓரம் போய் வாழ்த்துச் சொன்னேன். நன்றி சொன்னார், சிரித்தார், மறுபடி குனிந்து இரண்டு மண்வெட்டி பனியை அள்ளிப் போட்டார். பிறகு நிமிராமலேயே, "இருந்தாலும், 13-10" என்றார்.