பைதான் நிறுவல்: டெர்மினலில் எந்தப் பைதான் பதில் சொல்கிறது?

பைதான் என்னும் நிரல் மொழியை நிறுவுவது சில நிமிட வேலைதான். சிக்கல் அதற்குப் பிறகு வரும்: நிறுவியது ஓரிடத்தில் இருக்கும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் வேறிடத்தில் தேடும். அது தேடும் ஃபோல்டர்களின் பட்டியலுக்குப் ‘பாத்’ என்று பெயர். பட்டியலை வரிசையாகப் பார்த்து, முதலில் அகப்படும் பைதானை ஓட்டும். எது ஓடுகிறது என்று அறிய, விண்டோஸின் டெர்மினலான கமாண்ட் பிராம்ப்டில் ‘வேர் பைதான்’ (where python), மேக்கிலும் லினக்ஸிலும் ‘விச் பைதான்3’ (which python3) என்று தட்டச்சு செய்யுங்கள்.

விண்டோஸில் வழக்கமான இன்ஸ்டாலரைத் திறந்ததும், முதல் திரையின் அடியில் பைதானைப் பாத்தில் சேர்க்கும் கட்டம் இருக்கும். டிக் நீங்கள்தான் போட வேண்டும். விட்டுவிட்டால் கட்டளை தெரியவில்லை என்று பிழை வரும், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். ஸ்டோர் திறந்தால் பதற வேண்டாம்; பாத்தில் பைதான் இல்லாதபோது அந்தப் பெயருக்கு விண்டோஸ் வைத்திருக்கும் மாற்றுவழி அது. செட்டிங்ஸில் ‘ஆப் எக்ஸிகியூஷன் ஏலியஸ்’ பகுதியில் அதை அணைக்கலாம். பைதானை அழித்து மறுபடி நிறுவவும் வேண்டாம். அதே இன்ஸ்டாலரில் ‘மாடிஃபை’, பிறகு ‘நெக்ஸ்ட்’ அழுத்தி, வரும் திரையில் பைதானை என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் (பாத்தும் இதில் ஒன்று) சேர்க்கும் கட்டத்தை டிக் செய்தால் போதும். பிறகு டெர்மினலை மூடித் திறங்கள். ஏற்கெனவே திறந்திருப்பதற்குப் பழைய பாத்தான் தெரியும்.

மேக்கில் ஆப்பிள் தந்துவந்த பைதான் 2.7, மேக்ஓஎஸ் 12.3 முதல் இல்லை. பெயரோடு 3 சேர்த்தே கூப்பிடுங்கள். பைதான் தளத்தின் இன்ஸ்டாலரைப் பயன்படுத்தினால், அப்ளிகேஷன்ஸில் உள்ள பைதான் ஃபோல்டரில் ‘இன்ஸ்டால் சர்டிஃபிகேட்ஸ்’ கோப்பை ஒருமுறை ஓட்டுங்கள். இல்லையென்றால் இணையத்தோடு பேசும் நிரல்கள் எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்பு) பிழையில் நிற்கும்.

லினக்ஸில் பெரும்பாலும் பைதான் ஏற்கெனவே இருக்கும். அதை நீக்கவோ மாற்றவோ செய்யாதீர்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் சிஸ்டத்தின் பல கருவிகள் அதை நம்பியே ஓடுகின்றன, டெர்மினலே திறக்காமல் போகக்கூடும். டெபியன் என்னும் இன்னொரு லினக்ஸ் வகையில், பதிப்பு 12 முதல், சிஸ்டம் பைதானில் ‘பிப்’ (pip) என்னும் நிறுவல் கருவி கொண்டு நேரடியாகப் பேக்கேஜ் (கூடுதல் நிரல் தொகுப்பு) சேர்க்க முயன்றால் மறுத்துவிடும். அதை வலிந்து மீறும் வழியும் உண்டு, ஆனால் தொடாதீர்கள். ‘வென்வ்’ (venv) என்னும் பைதான் கருவி கொண்டு ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனிச் சூழல் உருவாக்குங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் வென்வ் தனிப் பேக்கேஜ்; முதலில் சிஸ்டத்தின் நிறுவல் கருவியான ‘ஆப்ட்’ (apt) வழியாக நிறுவ வேண்டும்.

விண்டோஸின் இன்னொரு டெர்மினலான பவர்ஷெல்லில் அந்தச் சூழலை ஆக்டிவேட் செய்யும்போது ஸ்கிரிப்ட் தடை வந்தால், எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று தீர்மானிக்கும் எக்ஸிகியூஷன் பாலிசியை உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் ‘ரிமோட்சைன்டு’ ஆக்குங்கள். உருவாக்கிய சூழலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தாதீர்கள். முழு முகவரியும் உள்ளே எழுதப்பட்டிருப்பதால் உடைந்துவிடும். புது இடத்தில் புதிதாகவே உருவாக்குங்கள்.